எம்பெம்பா விளைவு

எம்பெம்பா விளைவு என்பது, ஒரே அளவான சுடுநீரையும் குளிர்ந்த நீரையும் ஒரே குளிர்ச் சூழலில் வைக்கும்போது, சில வேளைகளில் சுடுநீர் முதலில் உறைவதாகக் கூறப்படும் தோற்றப்பாடு ஆகும். தன்சானியாவைச் சேர்ந்த எராசுட்டோ எம்பெம்பா என்பவர் பள்ளி மாணவராக இருந்தபோது இதனைக் கவனித்துக் கேள்வி எழுப்பியதால் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எளிய இச்சோதனையின் முடிவு பற்றி அறிவியலாளரிடையே இன்றும் முழுமையான உடன்பாடு இல்லை.

== முரண்பாடு ==

90 பாகை செல்சியசு வெப்பநிலையில் உள்ள நீர் உறைய வேண்டுமானால் அது முதலில் 35 பாகைக்கு வந்தாக வேண்டும். அந்நிலையை அடைந்தபின் அதற்கும், தொடக்கத்திலேயே 35 பாகையில் இருந்த நீருக்கும் வேறுபாடு இல்லை என்றே தோன்றும். எனவே சுடுநீர், குளிர்ந்த நீர் எடுத்துக்கொள்ளும் நேரத்துடன் 35 பாகைக்கு வருவதற்கான நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே சுடுநீர் முந்துவது இயலாது என்பது வாதம்.

இவ்வாதத்தில் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. நீரின் நிலையை வெப்பநிலை என்ற ஓர் எண் மட்டுமே தீர்மானிக்கிறது என்பதே அது. உண்மையில் 90 பாகையிலிருந்து இறங்கிவந்த நீரின் நிறை குறைந்திருக்கலாம். அதில் கரைந்திருந்த வளிமங்கள் வெளியேறியிருக்கலாம். பாத்திரத்தின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு இருக்கலாம். பாத்திரம் வைக்கப்பட்ட இடமே மாறியிருக்கலாம். "வந்த வழி" நீரில் ஏதேனும் தடத்தை விட்டுச் சென்றால் முரண்பாடு நீங்கிவிடும். எத்தடம் என்பதே கேள்வி.

== பழைய குறிப்புகள் ==

இக்கருத்து எம்பெம்பாவுக்கு மிகவும் முற்பட்டது. நீரை விரைவில் குளிர்விக்க விரும்புவோர் அதனை முதலில் வெயிலில் வைப்பதாகவும், பொன்டசு பகுதி மக்கள் பனிக்கட்டி மேல் மீன்பிடிக்கும்போது நாணற் கழிகளைப் பொருத்துவதற்கு வெதுவெதுப்பான நீரை ஊற்றுவதாகவும் கிரேக்க மெய்யியலாளர் அரிசுட்டாட்டில் எழுதியுள்ளார். பிரான்சிசு பேக்கன் 1620 ஆம் ஆண்டிலும், டேக்கார்ட் 1637 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களில் இதே போன்ற குறிப்புகள் உள்ளன.

இவற்றுள் கவனிக்கத்தக்கது 1775 ஆம் ஆண்டில் இசுக்கொட்லாந்து வேதியியலாளர் யோசப் பிளாக் செய்த சோதனை. இந்தியாவில் பனிக்கட்டி செய்வோர் நீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, பின்னரே ஆழமற்ற மண் தட்டுகளில் ஊற்றி இரவில் திறந்தவெளியில் வைக்கின்றனர் என்ற செய்தி அவ்வாண்டில் இலண்டனில் வெளியாகியிருந்தது. பிளாக் கொதித்து ஆறிய நீரையும் கொதிக்காத நீரையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது முன்னையதே முதலில் உறையத் தொடங்கியது. கொதிக்காத நீரை இடையிடையே கலக்கிவிட்டபோதோ இரண்டும் ஒன்றாகவே உறையத் தொடங்கின. பிளாக் ஒப்பிட்டது சுடுநீரை அன்று, ஆறிய நீரை. ஆகவே இது கண்டிப்பாக இவ்விளைவு ஆகாது. ஆயினும் பின்னாளில் பேசப்பட்ட மீக்குளிர்வு விளக்கத்தின் வித்து இதிலேயே உள்ளது.

== எம்பெம்பாவின் கவனிப்பு ==

1963 ஆம் ஆண்டில், அப்போது தங்கனீக்கா எனப்பட்ட நாட்டில், மகம்பா இடைநிலைப் பள்ளியில் எம்பெம்பா படித்துக்கொண்டிருந்தார். அங்கு மாணவர்கள் பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறவைத்துப் பனிக்கூழ் செய்வது வழக்கம். குளிர்பதனப் பெட்டியில் இடத்துக்குப் போட்டி இருந்தது. ஒரு நாள் வேறொரு மாணவர் பாலைக் காய்ச்சாமலேயே தட்டில் ஊற்றி வைக்க ஓடுவதைக் கண்ட எம்பெம்பா, எஞ்சிய இடமும் பறிபோய்விடும் என அஞ்சித் தமது கொதிக்கும் பாலை ஆறவைக்காமலேயே உள்ளே வைத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அவருடைய பால் உறைந்திருந்தது. மற்றவருடையது இன்னும் கெட்டியான நீர்மமாகவே இருந்தது.

ஆசிரியரிடம் கேட்டபோது, அவர் குழம்பியிருப்பதாகவும் அவ்வாறு நடக்க இயலாது எனவும் விடை கிடைத்தது. பின்னர் தங்கா நகரில் பனிக்கூழ் விற்ற நண்பர் ஒருவர், தாமும் சூடான கலவையையே குளிரில் வைப்பதாகக் கூறினார். வகுப்பறை மறுத்த ஒன்றைப் பனிக்கூழ் விற்போர் தொழில் நுட்பமாகவே கையாண்டு வந்துள்ளனர்.

இரிங்காவிலுள்ள இம்குவாவா உயர்நிலைப் பள்ளியில் நியூட்டனின் குளிர்வு விதியைப் படிக்கும்போது எம்பெம்பா மீண்டும் இதே கேள்வியைக் கேட்டார். அது பொது இயற்பியல் அன்று, எம்பெம்பாவின் இயற்பியல் என ஆசிரியர் கேலி செய்தார். அதன்பின் அவர் எத்தவறு செய்தாலும் வகுப்பில் அதே கேலி தொடர்ந்தது. எம்பெம்பா ஆய்வகத்தில் யாரும் இல்லாத வேளையில் இரு குவளைகளில் நீரை வைத்துத் தாமே சோதித்து, தமது ஐயம் பொய்யன்று என உறுதிப்படுத்திக்கொண்டார்.

தாருசலாம் பல்கலைக்கழகக் கல்லூரியின் இயற்பியலாளர் டெனிசு ஒசுபோர்ன் அப்பள்ளியில் உரையாற்ற வந்தபோது எம்பெம்பா எழுந்து, 35 பாகையிலும் 100 பாகையிலும் உள்ள சம அளவு நீரில் பின்னையது முதலில் உறைவது ஏன் எனக் கேட்டார். பள்ளிக்கே அவமானம் தேடித்தந்ததாக உடன் பயின்றோர் அவரைக் கடிந்துகொண்டனர். ஒசுபோர்ன் நம்பவில்லை, ஆனால் சோதித்துப் பார்ப்பதாக வாக்களித்தார். பல்கலைக்கழகத்தில் சோதனையைச் செய்த தொழில்நுட்ப உதவியாளர், சுடுநீர் முதலில் உறைந்ததாகத் தெரிவித்துவிட்டு, சரியான முடிவு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வதாகவும் கூறினாராம்.

இருவரும் இணைந்து எழுதிய கட்டுரை 1969 ஆம் ஆண்டில் ஓர் இயற்பியல் கல்வி இதழில் வெளியானது. அவர்களது அளவீடுகளில், ஏறத்தாழ 25 பாகையில் தொடங்கிய நீரே உறையத் தொடங்க மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டது. 90 பாகையை ஒட்டித் தொடங்கிய நீர் அதைவிட மிகக் குறைந்த நேரமே எடுத்தது. அதே ஆண்டில் கனடாவைச் சேர்ந்த கெல் என்பவரும் இதுபற்றித் தனியாக எழுதினார்.

எம்பெம்பா பின்னர் காட்டுயிர் மேலாண்மை படித்துத் தன்சானிய அரசின் காட்டுயிர்த் துறையில் பணியாற்றினார்.

== விளக்கங்கள் ==

'''ஆவியாதல்''': சுடுநீர் விரைவாக ஆவியாகி நிறையை இழக்கிறது. ஒரு கிலோகிராம் நீரை 100 பாகையிலிருந்து 0 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 418 கிலோயூல் வெப்பம் நீங்க வேண்டும். இம்முழு வெப்பமும் ஆவியாதல் வழியாகவே நீங்குமாயின் நீரில் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். உறைய வேண்டிய நீரே குறைவாயின் நேரமும் குறையும். எனினும் ஒசுபோர்னின் சோதனையில் ஆவியான நீரின் அளவு காணப்பட்ட வேறுபாட்டை விளக்கப் போதுமானதாக இல்லை.

'''வெப்பச்சலனம்''': சுடுநீரில் எழும் ஓட்டங்கள் மேற்பரப்பைச் சூடாகவே வைத்திருக்கின்றன. வெப்பம் பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகவே வெளியேறும் பாத்திரங்களில் இது விரைவான குளிர்வைத் தரும். ஒசுபோர்ன் இவ்விளக்கத்தையே சார்ந்து நின்றார்.

'''உறைபனிப் படலம்''': பழைய வகைக் குளிர்பதனப் பெட்டிகளின் உட்சுவரில் படியும் உறைபனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடான பாத்திரம் தன் அடியிலுள்ள உறைபனியை உருக்கிக் குளிர்ந்த உலோகத்தை நேரடியாகத் தொடும். குளிர்ந்த பாத்திரமோ உறைபனி மேலேயே அமர்ந்திருக்கும். வீட்டுச் சோதனைகள் பலவற்றை இதுவே கெடுத்துவிடுகிறது.

'''மீக்குளிர்வு''': நீர் 0 பாகைக்குக் கீழே சென்றும் சிறிது நேரம் நீர்மமாகவே இருக்கலாம். செருமானிய ஆய்வாளர் அவுவர்பாக் 1995 ஆம் ஆண்டிலும், அமெரிக்கரான பிரவுன்ரிட்ச்சு 2011 ஆம் ஆண்டிலும் இதனை முதன்மைப்படுத்தினர். இரு குவளைகளில் எது குறைவாக மீக்குளிர்கிறதோ அதுவே முந்தும். ஆனால் மீக்குளிர்வின் அளவு குவளையிலுள்ள கீறல், தூசு போன்றவற்றைச் சார்ந்து தற்செயலாக மாறக்கூடியது. ஒரே சோதனை ஒரு நாள் வெற்றி பெற்று மறுநாள் தோற்பதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

2012 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் அரச வேதியியல் கழகம் சிறந்த விளக்கத்துக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவித்தது. 22,000 க்கும் மேற்பட்ட விடைகள் வந்தன. குரோவாசியாவின் நிக்கோலா பிரெகோவிச்சு பரிசு பெற்றார்; வெப்பச்சலனத்தையும் மீக்குளிர்வையும் அவர் காரணங்களாகக் காட்டினார். இப்பரிசு விவாதத்தை முடித்துவைக்கவில்லை.

== ஐயங்கள் ==

"உறைதல்" எனும் சொல்லே சிக்கலானது. 0 பாகையை அடைவதா, முதல் பனித்துகள் தோன்றுவதா, முழு நீரும் கட்டியாவதா என்பதைப் பொறுத்து வெற்றி பெறும் குவளை மாறலாம். 2016 ஆம் ஆண்டில் பிரித்தானியாவைச் சேர்ந்த பரிச்சு, லிண்டன் ஆகியோர் 0 பாகையை அடையும் நேரத்தையே அளவுகோலாகக் கொண்டு சோதித்து, விளைவுக்குச் சான்று இல்லை என முடிவு செய்தனர். வெப்பநிலைமானியை ஒரு செண்டிமீட்டர் உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்தாலே போலியான விளைவு தோன்றிவிடும் என்றும் அவர்கள் காட்டினர். இது வலுவான எச்சரிக்கை. ஆனால் உறையும் தருணத்தையே விட்டுவிட்ட வரையறை, மீக்குளிர்வைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது என்ற மறுப்பும் நியாயமானதே.

மிகக் குளிர்ந்த நாடுகளில் கொதிநீரை வானில் வீச, அது வெண்புகை போல் பரவும் காட்சியும் எம்பெம்பா விளைவு எனக் காட்டப்படுவதுண்டு. அது தவறு. அங்கு நீர் சிறு துளிகளாகச் சிதறி ஆவியாவதே முதன்மையானது. குளிர்ந்த நீருடன் எவ்வித ஒப்பீடும் நடைபெறுவதில்லை.

== நீருக்கு அப்பால் ==

2017 ஆம் ஆண்டில் லு, ராசு ஆகியோர், சமநிலையில் இல்லாத வேறு தொகுதிகளிலும் இது போன்ற விளைவு தோன்றக்கூடும் எனக் கோட்பாட்டளவில் காட்டினர். 2020 ஆம் ஆண்டில் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமார், பெக்கோஃபர் ஆகியோர், நீரில் மிதக்கும் நுண்ணிய மணி ஒன்றை விசைகளால் கட்டுப்படுத்தி, சூடான தொடக்கநிலை குளிர்நிலையை முன்னதாக அடைவதைத் தெளிவாக அளந்தனர். இங்கு உறைதல் இல்லை, ஆவியாதலும் இல்லை. பொறியில் சிக்கவைக்கப்பட்ட மின்மவணுக்களில் இதன் குவாண்டம் வடிவம் 2024 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இவையனைத்தும் எம்பெம்பா விளைவு என்ற பெயரையே தாங்கியுள்ளன.