எண்ணில் சேராத சுழியம்

சன் நிறுவனத்தில் பிறந்த கெட்டெக்ஸ்ட் முறையை, 1995-இல் உல்ரிச் டிரெப்பர் குனூ திட்டத்திற்காகப் புதிதாக எழுதினார். அதில் பி.ஓ. கோப்பு மொழிபெயர்ப்பாளருக்கு; அதிலிருந்து தொகுக்கப்படும் எம்.ஓ. கோப்பு கணினிக்கு.

எம்.ஓ. கோப்பில் ஒவ்வொரு தொடருக்கும் நீளமும் இடமும் குறிக்கப்படும். தொடரின் இறுதியில் ஒரு சுழிய பைட்டு உண்டு. நீளக் கணக்கில் அது சேராது. இவ்வொரு விதியைக் கையேடு சொல்லாது விட்டால் என்னாகும்? சுழியமும் அடக்கம் எனக் கருதி ஒன்றைக் கழிப்பவரின் கருவி, தொடர்தோறும் கடைசி பைட்டை வெட்டிவிடும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டுகள். ஒன்று குறைந்தாலும் இறுதி எழுத்து சிதையும்.

ஏடு பெயர்த்தோர் விட்ட ஒற்றால் பொருள் திரிந்ததை நாம் அறிவோம். கையேட்டைத் திருத்துவதும் பதிப்புப் பணியே.