திரையில் உறுமும் என்ஜின் பிறந்த கதை

கதாநாயகன் புல்லட்டை உதைத்துக் கிளப்புகிறான். தியேட்டர் அதிர்கிறது, விசில் பறக்கிறது. புதுக்கோட்டையில் வருஷக்கணக்காக புல்லட் வேலை பார்க்கும் மெக்கானிக் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து, “இது நம்ம வண்டி சத்தம் இல்லண்ணே” என்பார். திரையில் ஓடுவது புல்லட்தான். காதில் விழுவது வேறு ஏதோ வண்டி. வண்டிக்குச் சம்பந்தமில்லாத சத்தம் படத்துக்குள் எப்படி வந்தது என்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷக் கதை இருக்கிறது.

மெக்கானிக்கின் காது எதைப் பிடிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பழைய புல்லட் 350க்கு ஒரே சிலிண்டர், 346 சிசி. பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போய் வரும் தூரம் 90 மில்லிமீட்டர். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் ஒரு முறை வெடிக்கும். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்றால் 400 வெடிப்பு. ஒவ்வொன்றையும் காது தனியாக எண்ணிவிடலாம் போலிருக்கும். ‘பீட்’ என்று புல்லட்காரர்கள் உயிரை விடுவது இதற்காகத்தான். அமெரிக்க மஸில் காரில் எட்டு சிலிண்டர், அதே 800 சுற்றில் 3,200 வெடிப்பு. தனித்தனியாகக் கேட்க முடியாமல் எல்லாம் கலந்து உறுமலாகிறது. அதுவும் ஒரே சீரான உறுமல் இல்லை. பக்கத்துக்கு நான்காக நிற்கும் சிலிண்டர்கள் அந்தந்தப் பக்கத்தில் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. அதனால் சைலன்சர் வழியே தடுக்கித் தடுக்கி வருகிற அந்தக் கொப்பளிப்பு பிறக்கிறது. எட்டு சிலிண்டரே ஆனாலும் ஃபெராரி வீறிடும்; கிராங்க் வேறு அமைப்பு. ஆக, சத்தம் என்பது என்ஜினின் கைரேகை.

இனி சினிமாவுக்கு வருவோம். ஹாலிவுட்டில் பேசும் படம் வந்த புதிதில், 1929-ல் யூனிவர்சல் நிறுவனம் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ‘ஷோ போட்’ என்ற மௌனப் படத்துக்குச் சத்தம் சேர்க்க வேண்டியிருந்தது. ஜாக் ஃபோலி என்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே காலடியும் கைதட்டலும் கொடுத்தார். இன்றுவரை அந்த வேலைக்கே ஃபோலி என்று பெயர். படத்தில் இருக்கும் பொருள் ஒன்று, அதற்குக் குரல் கொடுக்கும் பொருள் இன்னொன்று என்ற ஏற்பாடு அன்றே வேர் விட்டது.

தமிழில் 1931-ல் ‘காளிதாஸ்’ வந்தபோது நடிகர் பேசியதும் பாடியதும் படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே பதிவாயின. புதுக்கோட்டை தந்த பி.யு. சின்னப்பா போன்று பாடி நடித்தவர்கள் கொடிகட்டிப் பறந்ததற்கு அந்தக் காலம் கேட்ட தொண்டை ஒரு காரணம். பிறகு குரலும் உருவமும் பிரிய ஆரம்பித்தன. 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்தார். 1944-ல் அவரே கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழில் பேசவைத்து வெளியிட்டார். நாற்பதுகளில் சில காலம் அவருடைய ஸ்டுடியோ இருந்ததும் நமக்கு அடுத்த ஊரில்தான். புதுக்கோட்டை எல்லையைத் தாண்டினால் வரும் காரைக்குடி பக்கம், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார்கள். ‘நாம் இருவர்’ அங்கே பிறந்த படம்.

உண்மையான பிரிவு வெளிப்புறப் படப்பிடிப்பால் வந்தது. எழுபதுகளில் கேமரா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போனது. தோளில் தூக்கிப் போகக்கூடிய ஆரிஃப்ளெக்ஸ் கேமரா அதற்குத் தோதாக இருந்தது. ஆனால் ஓடும்போது அது போடும் கடகட சத்தத்தில் வசனத்தைச் சுத்தமாகப் பதிய வழியில்லை. எல்லாவற்றையும் பிறகு சென்னையில் டப்பிங் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மனிதர்களுக்கே இரவல் குரல் என்றான பிறகு வண்டியை யார் கவனிப்பார்கள்? காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் ஊமையாகவே படச்சுருளில் ஏறின. எஃபெக்ட்ஸ் அறையில் கைவசம் இருந்த சத்தத்தை அவற்றுக்குப் போட்டு அனுப்பினார்கள். பின்னாளில் வெளிநாட்டுச் சத்தத் தொகுப்புகள் சிடியாக விற்பனைக்கு வந்தன. பி.பி.சி.யுடையது, கனடாவின் சவுண்ட் ஐடியாஸ் நிறுவனத்துடையது என்று பல. அவற்றில் இருந்ததெல்லாம் அங்கே ஓடுகிற வண்டிகள். நம் ஊர் மண் ரோட்டில் போகும் வண்டிக்கு எங்கோ அமெரிக்க நெடுஞ்சாலையில் பதிந்த டயர்க் கிறீச்சொலி வந்து ஒட்டிக்கொண்டது இப்படித்தான். மண்ணில் டயர் கிறீச்சிடாது. சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

‘ஹாலிவுட்டில் மட்டும் நிஜமா?’ என்று கேட்கலாம். 1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தின் கார் துரத்தல்தான் இந்தக் கலைக்குத் தலைவாசல். சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஸ்டீவ் மெக்வீனின் பச்சை மஸ்டாங், கறுப்பு டாட்ஜ் சார்ஜரை விரட்டுகிறது. துரத்தல் சூடு பிடித்ததும் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுபோகிறது. அதன் பிறகு பல நிமிடங்களுக்கு என்ஜின்தான் இசை. ஆனால் அந்த மஸ்டாங்குக்கு நாலே கியர். கண்ணை மூடிக் கேட்டால் கியர் ஏறிக்கொண்டே போகும், நாலில் அடங்காது. சுருதி ஏற ஏற வேகம் கூடுவதாக மனம் நம்புகிறது என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். என்ஜின் சத்தத்தை உள்ளபடி பதிந்து திரையில் போட்டால் பெரும்பாலும் சப்பென்றிருக்கும். சைலன்சர் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினால் காற்று மோதிப் பொரிகிறது. சற்றுத் தள்ளிச் சாய்த்துக் கட்ட வேண்டும். என்ஜின் பக்கம் ஒரு மைக், ஓட்டுபவர் காதுக்குப் பக்கத்தில் ஒன்று, சாலையோரத்தில் வண்டி கடந்து போவதைப் பிடிக்க ஒன்று. நின்றபடி ஓடுவது, மெல்ல முறுக்குவது, சட்டென்று விடுவது, கியர் மாற்றுவது, அணைப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். நேரில் கேட்கும்போது பாதிச் சத்தம் நெஞ்சிலும் உள்ளங்காலிலும் இறங்குகிறது, மைக்குக்கு நெஞ்சு கிடையாது. அந்தப் பாதியை மிக்ஸிங்கில் அடித்தளச் சத்தம் சேர்த்துத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். 2015-ல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்தின் ராட்சத லாரி அடிபடும்போது அதன் சத்தத்தில் திமிங்கிலத்தின் குரலைக் கலந்தார்கள். ஆஸ்கர் வாங்கிய வேலை அது. பாத்திரத்தின் வலியைப் பெரிதாக்கிக் காட்டுவது கலை.

ஒரு என்ஜினின் இடத்தில் இன்னொரு என்ஜினைக் கொண்டுவந்து நிறுத்துவது வேறு. அதில் கலை இல்லை, அலட்சியம்தான் இருக்கிறது. 2019-ல் ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ படத்துக்காக ஒலித்தொகுப்பாளர் டொனால்ட் சில்வெஸ்டர் குழுவினர் ஃபோர்டு ஜிடி40 காரின் சத்தத்தைத் தேடி அலைந்தார்கள். அசல் வண்டிகள் கோடிக்கணக்கில் விலை போகிறவை, முறுக்கிப் பார்க்கக் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் ஒஹையோ மாநிலத்தில், அதே வகையில் திரும்பக் கட்டிய ஒரு காரில் பதிந்துகொண்டு வந்தார்கள். அந்தப் படத்துக்கும் ஒலித்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. வித்தியாசம் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

நம் காண்டெஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த கார். நீண்ட முகமும் அகன்ற உடம்புமாக, பார்க்க அமெரிக்க மஸில் கார் சாயல். உள்ளே முதலில் இருந்தது அம்பாசிடரின் 1,489 சிசி என்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். பிறகுதான் இசுசு என்ஜின் வந்தது. உருவத்தைப் பார்த்து அதற்கு எட்டு சிலிண்டர் உறுமல் போட்டால் கேட்க ஜோராக இருக்கும். ஆனால் அந்த உடம்பை இழுக்க அந்தச் சின்ன என்ஜின் பட்ட பாடு கேட்காமல் போய்விடும். அந்தக் காலத்து இந்தியாவின் ஆசையும் இயலாமையும் அந்தச் சத்தத்தில்தான் இருக்கின்றன.

புல்லட் கதையும் அப்படியே. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய நாளிலிருந்து பல பத்தாண்டுகள் ஓடியது காஸ்ட் அயர்ன் என்ஜின். பீட்டோடு, வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் கிளிக்கும் சேர்ந்து கேட்கும். 2009 வாக்கில் கியர்பாக்ஸும் என்ஜினும் ஒரே கட்டாக வந்ததும் டாப்பெட் அடங்கியது. 2020-ல் அதே நிறுவனத்தின் மீட்டியார் மாடலோடு வந்த 349 சிசி என்ஜினில் அதிர்வைத் தணிக்கும் பாலன்சர் வந்து பீட் இன்னும் வழுவழுப்பானது. எண்பதுகளில் நடக்கும் கதைக்கு இன்றைய வண்டியின் சத்தத்தைப் போடுவது, அந்தக் காலத்துப் பாத்திரத்தின் கையில் ஆண்ட்ராய்டு போனைக் கொடுப்பதற்குச் சமம்.

தமிழிலும் அக்கறை காட்டியவர்கள் உண்டு. ‘விருமாண்டி’யில் 2004-லேயே படப்பிடிப்புத் தளத்துச் சத்தத்தை அப்படியே பதிந்தார்கள். ‘ஒத்த செருப்பு’ ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டி தேசிய விருது பெற்றார். கருவியும் திறமையும் இங்கேயே இருக்கின்றன. இல்லாதது நம் வண்டிகளின் சத்தச் சேமிப்பு.

புதுக்கோட்டை மாவட்டத்தை மட்டும் ஒரு சுற்று வந்தால் எத்தனை கிடைக்கும்! ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறைகளில் கடலுக்குக் கிளம்பும் விசைப்படகுகளின் டீசல் என்ஜின்கள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் பின்னால் எடுக்கும் லேலண்டு பஸ். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத் தோட்டங்களில் மின்சார மோட்டாருக்கு முன்பு தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜின், இன்னும் ஓரிரண்டு கொட்டகையில் துருவேறிக் கிடக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்ட பிறகு கரண்டே இல்லாமல் கிடந்த கிராமங்களுக்கு, மேல்நிலைத் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டர் வண்டி வரும். தூரத்தில் அதன் சத்தம் கேட்டதுமே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த நாட்களைப் படமாக்க நினைக்கிறவர் எந்த சிடியில் அதைத் தேடுவார்?

இன்று மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் தெருவை நிறைக்கின்றன. வெளிநாட்டில் மின்சார கார்களுக்குள் ஸ்பீக்கர் வைத்துச் செயற்கை உறுமல் கொடுக்கிறார்கள். அசல் என்ஜின்கள் ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு படிக்கும் தம்பி தங்கைகளே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு ரெக்கார்டரைக் கையோடு கொண்டுபோங்கள். வண்டி எந்த வருஷத்து மாடல், எந்த என்ஜின், எந்த ஊரில் பதிந்தது என்று எழுதி வையுங்கள். ஆளுக்குப் பத்து வண்டி பதிந்தாலே போதும், அடுத்த தலைமுறைப் படங்களுக்கு இரவல் சத்தம் வேண்டியிருக்காது.