ஸ்ரீபெரும்புதூர்: மரணமும் மூடிய கோப்பும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்றைக்குப் பலருக்கு ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சிப்காட், ஷிஃப்ட் பஸ்கள் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் வயசானவர்களுக்கு 1991 மே 21 ஞாபகம் வரும். இந்த எபிசோடில் நான் கொலையைப் பற்றியோ கொலையாளிகளைப் பற்றியோ பேசப்போவதில்லை. ஒரு மரணத்தை அரசு விசாரித்து முடித்த பிறகு அந்த அறிக்கை யார் கைக்குப் போகிறது? அதுதான் கேள்வி.

முதலில் கொஞ்சம் பின்னால் போகணும். இந்திரா காந்தி கொலையை நீதிபதி தக்கர் கமிஷன் விசாரித்தது. 1952-ம் வருஷத்து விசாரணை கமிஷன்கள் சட்டப்படி, அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள் அதை நாடாளுமன்றத்தில் வைக்கணும். என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்பையும் சேர்த்து வைக்கணும். ஆனால் 1986-ல் ராஜீவ் காந்தி அரசு சட்டத்தையே திருத்தியது. நாட்டின் பாதுகாப்பு, பொதுநலன் என்று சொல்லி அறிக்கையை வைக்காமலே இருக்கலாம் என்று ஒரு வழி உண்டாச்சு. தக்கர் அறிக்கை உள்ளேயே இருந்தது. 1989 மார்ச்சில் இந்தியன் எக்ஸ்பிரஸ் அதன் பகுதிகளை வெளியிட்டது. அதே மாதம் அரசு அதைத் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. 1990-ல், வி.பி. சிங் ஆட்சியில், அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது.

அடுத்த வருஷமே ஸ்ரீபெரும்புதூர். பாதுகாப்புக் குறைபாட்டை விசாரிக்க வர்மா கமிஷன், சதியை விசாரிக்க ஜெயின் கமிஷன். அம்மாவின் மரண அறிக்கையை மூடிவைக்க வழி செய்தது ராஜீவின் அரசு. அவருடைய மரணத்தை விசாரிக்கும்போது சட்டத்தில் அந்த வழியே இல்லை.

ஆனாலும் கசிவு நிற்கவில்லை, பாருங்க. ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997 ஆகஸ்டில் அரசிடம் போனது. ஆறு மாதக் கெடு முடிவதற்கு முன்பே, நவம்பரில், இந்தியா டுடே அதன் பகுதிகளை வெளியிட்டுவிட்டது. நவம்பர் 20-ம் தேதி அறிக்கை தாக்கலானது. திமுக அமைச்சர்களை நீக்கணும் என்றது காங்கிரஸ். குஜ்ரால் மறுத்தார். நவம்பர் 28-ல் காங்கிரஸ் ஆதரவை வாபஸ் வாங்க, ஆட்சி போயிற்று. கோப்பு மூடிக் கிடக்கும்போது, அதில் எந்தப் பக்கம் முதலில் வெளியே வரணும் என்பதைக் கசியவிடுகிறவர்தான் முடிவு செய்கிறார். முழுசாகப் படிக்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. எனக்கு இதில் தெரிவது அதுதான்.

சரி, அது முன்னாள் பிரதமரின் மரணம். இனி அதே ஊரின் தொழிற்சாலைக்கு வருவோம். 2010 அக்டோபர் 31 அன்று இங்கிருந்த நோக்கியா ஆலையில் ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். அப்போது நடைமுறையில் இருந்தது 1948-ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டம். விபத்தில் உயிர் போனால் ஒரு மாதத்துக்குள் விசாரணை நடக்கணும் என்று அதன் 88-வது பிரிவு சொன்னது. விசாரணை கட்டாயம். ஆனால் அறிக்கையை வெளியிடுவது? பெரிய விபத்துக்கு மாநில அரசு தனியாக ஆளை நியமித்து 90-வது பிரிவின் கீழ் விசாரித்தால்கூட, 'அரசு தகுந்தது என்று நினைத்தால்' வெளியிடலாம், அவ்வளவுதான். ஆறு மாதக் கெடுவும் இல்லை, சபையும் இல்லை. 118-வது பிரிவுப்படி, ஆலையின் உற்பத்தி முறை, வியாபாரம் பற்றி வேலையில் தெரிந்துகொண்டதை இன்ஸ்பெக்டர் வெளியே சொன்னால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனம் எழுத்தில் சம்மதித்தாலோ, வழக்குக்குத் தேவைப்பட்டாலோதான் விலக்கு.

ரகசியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே சட்டத்தில் 1987-ல் 118ஏ சேர்த்தார்கள். புகார் எங்கிருந்து வந்தது என்பதை இன்ஸ்பெக்டர் ரகசியமாக வைக்கணும். இது ரொம்ப அவசியம். காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் தன் பெயர் வெளியே வரும் என்று தெரிந்தால் வாய் திறப்பாரா? இறந்தவரின் மருத்துவக் குறிப்பும் ஊர் படிப்பதற்கில்லை.

ஆனால் இயந்திரத்தின் தடுப்பு இருந்ததா, சென்சார் வேலை செய்ததா, உற்பத்தி நிற்கக்கூடாது என்று யாராவது அவசரப்படுத்தினார்களா என்பதெல்லாம் யாருடைய ரகசியம்? தகவல் உரிமைச் சட்டத்தில் வணிக ரகசியம் என்று மறுக்க 8(1)(டி) இருக்கிறது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று 8(2)-ம் இருக்கிறது. எதை எடுப்பது என்பது அதிகாரி கையில். அதே மாதிரி இயந்திரம் பக்கத்து ஆலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே நைட் ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்கு, முந்தைய விபத்து ஏன் நடந்தது என்று தெரிந்திருக்கணும்.

உங்கள் ஆலையில் நடந்த விபத்தின் விசாரணை அறிக்கையை யாராவது கேட்டு வாங்கியிருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.