கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓப்பனர்: ஜெயசூர்யாவின் 1996

தூத்துக்குடி பீச் ரோட்டில் நின்று கடலைப் பாருங்க. தென்கிழக்கே சுமார் 280 கிலோமீட்டரில் கொழும்பு. சென்னை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது கப்பல் ஓட்டியது இந்த இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில்தான். முத்துக்குளிப்பும் அப்படித்தான். இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டியில் குளிப்பு நடந்தால், நம்ம கரையிலிருந்து ஆட்கள் தோணியேறிப் போவாங்க. எண்பதுகளில் தென்கரை ஊர்களில் ஆன்டெனாவை உயரமா ஏத்தி இலங்கைப் பக்கம் திருப்பினா, ரூபவாஹினி தெரியும்.

அதனால சனத் ஜெயசூர்யாவின் கதையை இந்தக் கரையில் நின்று சொல்லிப் பார்க்கலாம்னு தோணுச்சு.

"திடீர்னு வந்து அடிச்சு நொறுக்கிட்டார்" என்றுதான் எல்லாரும் சொல்வாங்க. திடீர்னு எல்லாம் இல்லை. மாத்தறை, இலங்கையின் தென்கோடியில் இருக்கும் கடலோர ஊர். அங்கே 1969-ல் பிறந்தவர். 1989 டிசம்பர் 26, மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டி. வயசு 20. அதற்குப் பிறகு சில வருஷங்கள் அவர் யார்? இடது கை சுழல் போடுவார், கீழே வந்து கொஞ்சம் அடிப்பார். டீமில் இருந்தால் நல்லது, இல்லைன்னா பெரிய நஷ்டம் இல்லை. 1994-ல் ஓப்பனராக இறங்கி, தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபான்டைனில் நியூசிலாந்துக்கு எதிராக 140 அடித்தார். அதுதான் முதல் ஒருநாள் சதம். அறிமுகமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

இங்கே ஒரு விதியைப் புரிஞ்சுக்கணும். அப்போது முதல் 15 ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்கள்தான் நிற்கலாம். ஆனாலும் பெரும்பாலான அணிகள் அந்த 15 ஓவரை விக்கெட்டைக் காப்பாற்றவே செலவழித்தன. 60 ரன் வந்தால் நல்ல தொடக்கம். தூக்கி அடிச்சா கேட்க ஆளில்லாத நேரத்தில் எல்லாரும் தரையோட தட்டிக்கிட்டு இருந்தாங்க! நம்ம ஸ்ரீகாந்த் எண்பதுகளிலேயே வேற மாதிரி ஆடினார். நியூசிலாந்தின் மார்க் கிரேட்பேட்ச் 1992 உலகக் கோப்பையில் ஆடிக் காட்டினார். ஆனால் அது ஒரு தனி மனுஷனின் துணிச்சல். ரணதுங்கா செய்தது வேறு. விக்கெட் கீப்பர் கலுவிதரனாவையும் மேலே அனுப்பி, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் அவுட்டானாலும் பின்னால் குருசிங்க, அரவிந்த டி சில்வா, ரணதுங்கா, திலகரத்ன, மகாநாம என்று வரிசையா ஆள் இருந்தாங்க. ஜெயசூர்யாவின் ஆட்டத்தைச் சூதாட்டம் என்று எழுதினவங்க இந்த வரிசையைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனி, கிரிக்கெட்டுக்கு வெளியே. 1995 டிசம்பரில் ராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. அதே மாதம் மெல்போர்னில் கண்டியைச் சேர்ந்த தமிழரான முரளிதரனின் பந்தை நடுவர் டேரல் ஹேர் திரும்பத் திரும்ப நோ பால் என்றார். 1996 ஜனவரி 31-ல் கொழும்பு மத்திய வங்கியில் புலிகளின் குண்டு. சுமார் 90 பேர் செத்துப்போனாங்க. ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் கொழும்பில் ஆட மறுத்தன. அப்போது இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து, பிப்ரவரி 13 அன்று கொழும்பில் இலங்கைக்கு எதிராக ஆடினார்கள். கலுவிதரனா அவுட்டானது எப்படித் தெரியுமா? வாசிம் அக்ரம் பந்து, சச்சின் கேட்ச். ஸ்கோர் கார்டில் இந்த இரண்டு பேரும் ஒரே வரியில்!

அந்த வருஷம் மறுபடி அகதிகள் மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் டிவி முன்னால் உட்கார்ந்த ஒருத்தர் யாருக்குக் கை தட்டுவார்? இந்தியாவுக்குத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனா எதிரணியில் முரளி இருக்கார். அந்த நாட்டு ராணுவத்தின் மேல் கோபம் இருக்கு. பந்து மிட்விக்கெட்டுக்கு மேலே பறக்கும்போது வாய் தன்னால பிளக்குது. இதெல்லாம் ஒரே மனசுக்குள்ளே.

மார்ச் 2, டெல்லி. சச்சின் 137. இந்தியா 50 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 271; அன்றைக்கு அது ஜெயிக்கிற ஸ்கோர். மனோஜ் பிரபாகரின் முதல் 2 ஓவரில் 33 ரன் போனது. மூன்றே ஓவரில் இலங்கை 42. பாயின்ட்டுக்கு மேல் கட், காலுக்கு வந்த பந்தை மணிக்கட்டால் ஒரு சுழற்று. ஜெயசூர்யா 76 பந்தில் 79. பிரபாகர் பிறகு வேகத்தை விட்டுவிட்டு ஆஃப் ஸ்பின் போட்டார். அதோடு அவருடைய சர்வதேச வாழ்க்கையே முடிந்தது. இலங்கை 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

ஒரு வாரம் கழித்து ஃபைசலாபாத்தில் இங்கிலாந்தை 44 பந்தில் 82 அடித்து அனுப்பினார்.

மார்ச் 13, கொல்கத்தா அரையிறுதி. ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே இரண்டு ஓப்பனர்களும் தேர்ட் மேனில் கேட்ச். 1 ரன்னுக்கு 2 விக்கெட். திட்டம் தோற்றதுன்னு நினைச்சீங்கன்னா, நான் சொன்ன வரிசை அப்போதான் வேலை செய்தது: அரவிந்த 47 பந்தில் 66, மொத்தம் 251. பிறகு 1 விக்கெட்டுக்கு 98 என்று இருந்த இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 ஆனது. சச்சினை ஸ்டம்பிங்கில் வெளியேற்றிய பந்து ஜெயசூர்யாவுடையது. 7 ஓவர், 12 ரன், 3 விக்கெட். அந்தப் பழைய "கொஞ்சம் சுழல்" ஆள்தான். பாட்டில் வீச்சு, தீ, கண்ணீரோடு வெளியேறிய காம்ப்ளி எல்லாம் உங்களுக்குத் தெரியும். லாகூர் இறுதியில் 9 ரன்னில் ரன் அவுட். கோப்பையை வாங்கித் தந்தது அரவிந்தவின் சதம். தொடரின் சிறந்த வீரர் ஜெயசூர்யா.

அடுத்த மாதம் சிங்கப்பூரில் பாகிஸ்தானுக்கு எதிராக 48 பந்தில் சதம். அதற்கு முன் சாதனை அசாருதீனின் 62 பந்து. அதே தொடரின் இறுதியில் 17 பந்தில் அரைசதம். முதல் விக்கெட் 70-ல் விழுந்தபோது அவுட்டான கலுவிதரனாவின் ஸ்கோர் பூஜ்யம்! அந்த மேட்ச்சில் இலங்கை தோற்றது என்பது பலருக்கு மறந்தே போச்சு. 48 பந்து சாதனை ஆறு மாதம்தான் நின்றது. நைரோபியில் அஃப்ரிதி 37 பந்தில் முறியடித்தார், ஜெயசூர்யாவின் பந்துகளையே வெளுத்து.

2010 ஏப்ரலில் ஜெயசூர்யா மாத்தறையிலிருந்து எம்.பி. ஆனார், ராஜபக்சவின் கூட்டணியில். போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு டெல்லி மேட்ச் ஹைலைட்ஸைப் பார்க்க மனசு வராதுன்னு சொல்ற தமிழ் ரசிகர்கள் இருக்காங்க. அதை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வருது. பிரபாகர் ஆஃப் ஸ்பின் போட வர்ற இடம் வரைக்கும் பார்த்துட்டுத்தான் நிறுத்துவேன்.