பெருநாள் அத்தரும் காலிக் கல்வெட்டும்

 

பெருநாள் நெருங்கினால் பிள்ளைகள் நம்மிடம் கேட்பது, "எந்த சென்ட் நல்லது சேர்?" என்பதுதான். பதிலுக்கு முன் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1409இல் சீனத்தில் பொறிக்கப்பட்டு, கடற்தளபதி செங் ஹேயின் கப்பல்களில் வந்தது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவர நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியலில் பொன், வெள்ளி, பட்டோடு சந்தனமும் 2,500 கட்டி வாசனை எண்ணெயும் உண்டு. இன்றைய கணக்கில் அந்த எண்ணெய் ஏறக்குறைய 1,500 கிலோ! நறுமணம் அன்றே இந்தத் தீவில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக இருந்தது.

அதற்கும் முன்னர், 9ஆம் நூற்றாண்டில், பக்தாதில் அல்கிந்தி நூற்றுக்கும் மேற்பட்ட வாசனைச் செய்முறைகளை எழுதிவைத்தார். இந்தியாவின் கன்னோஜில் இன்றும் செம்புப் பாத்திரத்தில் பூவைக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் எடுக்கிறார்கள்.

ஊது என்பது அகில் மரத்தின் பிசின். நம் நாட்டின் ஈரவலயக் காடுகளில் அதன் உறவு மரம் வல்லப்பட்டை வளர்கிறது. காயம்பட்டுப் பூஞ்சை தொற்றினால்தான் அதில் மணப்பிசின் ஊறும். நல்ல மரத்தில் மணமே இல்லை. இது தெரியாமல் பிசின் தேடி நல்ல மரங்களையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். கட்டுநாயக்கவில் வல்லப்பட்டையோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

இனி, புதிதாக வாங்குகிறவர்களுக்கு:

1. அத்தர் எண்ணெயில் இருப்பது. ஒரு துளி போதும். ஸ்ப்ரே பெரும்பாலும் அல்கஹோலில் கரைத்தது, சீக்கிரம் பரவும்.

2. போத்தலை முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டில் தடவி அரை மணி நேரம் பொறுங்கள். முதலில் வரும் எலுமிச்சை வாசம் போய்விடும். பிறகு பூ வாசம். கடைசியில் தங்குவது சந்தனம், கஸ்தூரி, ஊது.

3. ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் முகராதீர்கள். மூக்கு களைத்துவிடும்.

4. நம்ம ஊர் வெயிலுக்கு மல்லிகை, ரோஜா, வெட்டிவேர் போன்ற இலேசான வாசனை பொருந்தும். ஊது இரவுக்கு நல்லது.

5. மிக மலிவான "அசல் ஊது" பெரும்பாலும் செயற்கை வாசனைதான். அதில் தவறில்லை, அசல் விலை கொடுக்காமல் இருந்தால் சரி. காட்டில் திருடிய மரம் என்று தெரிந்தால் வாங்கவே வேண்டாம்.

நறுமணம் கொடுத்தால் மறுக்காமல் வாங்குவது நபிவழி. அது யாருடைய காட்டையும் அழித்து வந்ததாக இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.