பார்க்கம் கூலியுழவரின் ஆண்டுக் கணக்கு

அரசர்தம் திறைசேரிக்கு வந்த பொருளும், அவர் போருக்கும் மாளிகைக்கும் செலவிட்ட பொருளும் வரலாற்று நூல்களிலே விரிவாகக் காணப்படும். ஏழைக் குடும்பமொன்று ஓராண்டுக் காலத்தை எவ்வாறு கழித்தது என்பதோ அரிதாகவே காணப்படும். எழுத்தறியாத மக்கள் கணக்கெழுதி வைப்பதில்லை. எழுத்தறிந்தோர் அவர்தம் கணக்கைக் கேட்டறிய முயல்வதுமில்லை. இவ்விரண்டுக்கும் விலக்காக அமைந்தது, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே இங்கிலாந்தின் தென்பகுதியில், பார்க்சயர் கவுண்டியைச் சேர்ந்த பார்க்கம் என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்ட கணக்கு.

அவ்வூரின் பங்குக் குருவாயிருந்தவர் டேவிட் டேவிஸ். தம் பங்கைச் சேர்ந்த ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்றுவந்த அவர், ஓய்வின்றி உழைப்போரும் அரைவயிற்றுடனும் கந்தலுடையுடனும் இருப்பதைக் கண்டார். சோம்பலும் ஊதாரித்தனமுமே இதற்குக் காரணமென்று வசதி படைத்தோர் கூறிவந்தனர். அக்கூற்று உண்மையாவென ஆராய அவர் மேற்கொண்ட வழி மிக எளியது. 1787ஆம் ஆண்டிலே தம்மூரின் ஆறு குடும்பங்களின் வரவையும் செலவையும் அவர்தம் வாயிலாகவே கேட்டறிந்து, பென்சுக்குப் பென்சாக எழுதினார். பின்னர் ஏனைய பகுதிகளிலிருந்த நண்பர்களுக்கும் எழுதி, அவ்வப்பகுதிக் கணக்குகளைப் பெற்றார். இவையனைத்தும் 1795ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன.

அவற்றுள் முதலாவது குடும்பத்தின் கணக்கு ஊன்றி நோக்கத்தக்கது. கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள் என எழுவர். பிள்ளைகளுள் மூத்தது எட்டு வயதினது, இளையது கைக்குழந்தை. கணவனை உழவன் என்று கூறலாமேயன்றி நிலமுடையவன் என்று கூறவியலாது; பிறர் நிலத்திற் கூலிக்கு உழைத்தவனே அவன். ஆண்டு முழுவதையும் சராசரியாக நோக்கின் வாரத்துக்கு எட்டுச் சிலிங் ஈட்டினான். குழந்தைகளையும் அடுப்பையும் விட்டு அகலவியலாத மனைவி ஆறு பென்சு ஈட்டினாள். பன்னிரண்டு பென்சு ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுண் என்பது அக்கால வாய்பாடு. ஆகவே குடும்பத்தின் ஆண்டு வருவாய் 22 பவுண் 2 சிலிங்.

செலவு வருமாறு: வாரந்தோறும் ஏழரைக் கலன் மா, கலன் பத்துப் பென்சு வீதம் 6 சிலிங் 3 பென்சு. மாவைப் புளிக்கவைக்கும் நொதிக்கும் உப்புக்கும் 4 பென்சு. இலைக்கறியுடன் இரண்டு மூன்று வேளை சேர்த்துச் சமைப்பதற்கு உப்பிட்ட பன்றியிறைச்சி ஓர் இறாத்தல், 8 பென்சு. தேயிலை ஓர் அவுன்ஸ், சீனி முக்கால் இறாத்தல், வெண்ணெய் அரை இறாத்தல், மூன்றும் சேர்ந்து ஒரு சிலிங். சவர்க்காரம் கால் இறாத்தல், இரண்டேகாற் பென்சு. மெழுகுதிரி மூன்றிலொரு பங்கு இறாத்தல், 3 பென்சு. கிழிந்த உடைகளைத் தைக்கும் நூலுக்கும் கம்பளியிழைக்கும் 3 பென்சு. மொத்தம் 8 சிலிங் பதினொன்றேகாற் பென்சு. இதனை ஐம்பத்திரண்டாற் பெருக்கின் ஆண்டுக்கு 23 பவுண் 4 சிலிங் 9 பென்சு ஆகும்.

வீட்டு வாடகை, விறகு, உடை, பிள்ளைப்பேறு, நோய் ஆகியவை இக்கணக்கிற் சேரவில்லை. ஆயினும் வாரந்தோறும் நேரும் இவ்வன்றாடச் செலவே வருவாயை 1 பவுண் 2 சிலிங் 9 பென்சினால் விஞ்சிவிட்டது. ஏனைய செலவுகளுக்கு டேவிஸ் ஆறு பவுண் மட்டுமே சேர்த்தார். அவர் பிறிதோரிடத்திலே தரும் மதிப்பீட்டின்படி கணவனின் உடைக்கு மட்டும் ஆண்டுக்கு ஒன்றரைப் பவுண் வேண்டும். அவ்வொன்றரைப் பவுணில் ஆணியறைந்த சப்பாத்து ஒரு சோடி 7 சிலிங், சட்டை இரண்டு 8 சிலிங். முழு உடையொன்றை அவன் ஆண்டுதோறும் வாங்குவதில்லை. பல்லாண்டு உழைக்கும் அவ்வுடையின் ஓராண்டுத் தேய்மானமாக 5 சிலிங் எழுதப்பட்டுள்ளது. கணக்கெழுதியவரின் கண் எவ்வளவு நுண்ணியதென்பதற்கு இவ்வொரு வரியே போதிய சான்று. மனைவியின் உடைக்கு ஒரு பவுண். பிள்ளைகளின் உடைகளோ பெரும்பாலும் பெற்றோரின் பழையவற்றை வெட்டித் தைத்தவை. ஆறு பவுண் சேர்த்தபோது ஆண்டுச் செலவு 29 பவுண் 4 சிலிங் 9 பென்சு ஆயிற்று. வரவிற் குறை 7 பவுண் 2 சிலிங் 9 பென்சு.

இக்குடும்பம் எதனை விட்டுவிட்டுச் சிக்கனமாய் வாழ்ந்திருக்கலாம் என்னும் வினா எழுகின்றது. மாவின் செலவு மட்டும் ஆண்டுக்கு 16 பவுண் 5 சிலிங். வருவாயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பாணாகவே மாறியது. எழுவருக்கு வாரமொன்றுக்கு ஓர் இறாத்தல் இறைச்சியைக் குறைக்கவியலாது. குறைத்தாலும் மிஞ்சுவது 8 பென்சு. பால் அப்பட்டியலில் இல்லை, பியரும் இல்லை. அக்காலக் கண்டனக்காரர் சுட்டு விரல் நீட்டியது அந்த ஓர் அவுன்ஸ் தேயிலையையே. கூலியாள் சீமான்களின் பானத்தை அருந்தலாமா என்று வினவினர்.

டேவிஸ் இதற்கு அளித்த விடை அவருடைய நூலிலே மிகச் சிறந்த பகுதியெனலாம். முளைவித்த தானியத்தின் மீதிருந்த வரியினால் வீட்டிற் பியர் வடித்தல் ஏழைக்கு எட்டாததாயிற்று. பசு வளர்க்கப் புற்றரை இல்லை. பண்ணைக்காரரோ சிறு அளவிற் பால் விற்க விரும்புவதில்லை. எஞ்சியது மிக மலிந்த தேயிலையினால் நிறமூட்டி, மிகக் கரிய சீனியினால் இனிப்பூட்டிய வெந்நீரே. வறட்டுப் பாணைத் தொண்டைக்குள் இறக்க வேறொன்றும் இல்லாதோர் அதனை நாடினர். ஆகவே தேநீர் வறுமையின் விளைவேயன்றிக் காரணமன்று என்பது அவர் வாதம். 1784ஆம் ஆண்டிலே தேயிலை மீதான வரி நூற்றுக்கு நூறுக்கும் மேலிருந்து பன்னிரண்டரையாகக் குறைக்கப்பட்டமையையும் இவ்விடத்து நினைத்தல் தகும். ஏழையை அப்பானத்தின்பால் தள்ளியது அவனுடைய நாவின் ஆசையன்று, அரசின் வரித் திட்டமே. அத்தேயிலை சீனத்திலிருந்து வந்தது. இலங்கை மலைச்சாரலிலே ஜேம்ஸ் டெய்லர் அதனைப் பெருந்தோட்டப் பயிராக நட்டது 1867ஆம் ஆண்டிலேயே.

முற்காலத்தில் இத்தகைய குடும்பம் கூலியை மட்டும் நம்பி வாழ்ந்ததில்லை. பொதுநிலத்தில் முட்புதர் வெட்டியும், புல்வேரோடு கூடிய மண்கட்டிகளை உலர்த்தியும் எரிபொருள் தேடிக்கொண்டது. ஒரு பசுவையோ சில வாத்துக்களையோ அங்கு மேய்த்தது. அறுவடைக்குப் பின் பெண்களும் பிள்ளைகளும் வயலிற் கதிர் பொறுக்கினர். சில வாரங்களுக்கான மா அதனாற் கிடைத்தது. இவையெல்லாம் கணக்கேட்டில் ஏறாத வருவாய்கள். பாராளுமன்றச் சட்டங்களின் துணைகொண்டு நிலவுடைமையாளர் பொதுநிலங்களை வேலியிட்டடைத்தபோது இவை ஒவ்வொன்றாக மறைந்தன. யாழ்ப்பாணத்து வாசகருக்கு வேலியடைப்பு என்றவுடன் கதியாலும் கிடுகும் பங்குனி சித்திரை மாதங்களும் நினைவுக்கு வரலாம். இங்கிலாந்தின் வேலி அத்தகையதன்று. தன் காணியின் எல்லையைக் காப்பதற்கன்றி, ஊரார் அனைவரும் மேய்த்த தரையைச் சிலர் உடைமையாக்குதற்கு அது நடப்பட்டது. கதிர் பொறுக்குதலும் பொதுச் சட்டத்தின்படி உரிமையன்று என 1788ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பங்குக் குரு கணக்கெழுதிய அதே ஆண்டுகளில், கணக்குக்கு வெளியே இருந்த ஆதாரங்கள் இவ்வாறு தளர்ந்துகொண்டிருந்தன.

டேவிசுக்கு எதிரான கட்சியை அறிவோடும் உழைப்போடும் எடுத்துரைத்தவர் சேர் பிரெடரிக் மோர்டன் ஈடன். 1794, 1795ஆம் ஆண்டுகளின் விலையேற்றம் கண்டு வறியோர் நிலையை ஆராயத் தொடங்கிய அவர், ஆய்வாளரொருவரை நாடெங்கும் அனுப்பி வீட்டுக் கணக்குகளைத் திரட்டி, 1797ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். வறியோரின் துன்பத்துக்கு வருவாய்க் குறைவைவிடச் சிக்கனமின்மையே பெரிதும் காரணமென்பது அவர் துணிபு. அதற்கு வடபகுதியைச் சான்று காட்டினார். அங்கே கூலியாட்கள் ஓட்ஸ் மாவை நீரிலும் உப்பிலும் காய்ச்சிப் பாலுடன் உண்டனர். வாற்கோதுமைக் கஞ்சியும் உருளைக்கிழங்கும் உண்டனர். வீட்டில் நூற்ற கம்பளியை உடுத்தனர். தெற்கிலுள்ளோரோ வெள்ளைக் கோதுமைப் பாணன்றி வேறொன்றையும் தொடமாட்டார். உடையையும் கடையிலேயே வாங்குவர்.

ஈடன் கண்டவை உண்மையே. அவர் துணிபுதான் ஏற்றற்கரியது. கஞ்சி காய்ச்ச நெருப்பு வேண்டும். வடக்கிலே நிலக்கரி மலிவு. தெற்கிலே பொதுநிலத்தை இழந்தவனுக்கு விறகு, பாணைவிட அரிய பொருள். கஞ்சிக்குப் பால் வேண்டும்; அதன் நிலை மேலே கூறப்பட்டது. உருளைக்கிழங்குக்குத் தோட்டம் வேண்டும். ஆகவே வடநாட்டான் சிக்கனமாய் வாழ்ந்தமைக்கு அவன் ஒழுக்கம் மட்டுமன்றி, சிக்கனத்துக்கு வேண்டிய மூலப்பொருள்களும் துணைநின்றன. 1911ஆம் ஆண்டில் ஜே. எல். ஹமண்டும் பாபரா ஹமண்டும் கிராமத் தொழிலாளர் பற்றி எழுதிய நூலிலே இக்கருத்தை விரித்துரைத்தனர். எனினும் ஈடனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மையாகும். தம் முடிவுக்கு மாறான கணக்குகளையும் மறையாது அச்சிட்டவர் அவர். அவரை மறுப்போர் அவர் நூலிலிருந்தே சான்று பெறுகின்றனர்.

1795ஆம் ஆண்டு பாண் விலை மேலும் ஏறியது. பல இடங்களிற் குழப்பங்கள் மூண்டன. அதே ஆண்டு பிரதமர் பிற் தலைமயிருக்குப் பூசும் மாத்தூளுக்கு ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 சிலிங், வரி விதித்தார். சீமான் தன் தலைமாவுக்குச் செலுத்திய வரி, பார்க்கம் குடும்பம் ஏறத்தாழ இரண்டரை வாரம் உழைத்தீட்டிய பொருளுக்குச் சமம். மே மாதம் 6ஆம் நாள் பார்க்சயரின் சமாதான நீதவான்கள் ஸ்பீனம்லாந்திலுள்ள பெலிக்கன் விடுதியிற் கூடினர். 8 இறாத்தல் 11 அவுன்ஸ் நிறையுள்ள பாண் ஒரு சிலிங் விற்கும்போது ஒருவனுக்கு வாரம் 3 சிலிங்கும், அவன் மனைவிக்கும் குடும்பத்தின் ஏனைய ஒவ்வொருவருக்கும் ஒன்றரைச் சிலிங்கும் வேண்டுமென முடிவு செய்தனர். பாண் ஒரு பென்சு ஏறுந்தோறும் அவனுக்கு 3 பென்சும் ஏனையோர்க்கு ஒவ்வொரு பென்சும் கூடும். கூலி அவ்வளவினை எட்டாவிடின் குறையைப் பங்கின் வறியோர் நிதி நிரப்பும். இவ்வளவுகோலை அக்கவுண்டியையே சேர்ந்த பார்க்கம் குடும்பத்துக்குப் பொருத்தினால் எழுவருக்கும் வேண்டியது 12 சிலிங். முன்னரே கண்ட வருவாய் எட்டரைச் சிலிங். டேவிஸ் கூறிய குறையை நீதவான்களே ஏற்றுக்கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் அவர் விரும்பிய மருந்து இதுவன்று. கூலியையே பாண் விலைக்கேற்பச் சட்டத்தால் உயர்த்தல் வேண்டுமென்றார். அந்நோக்குடன் சாமுவேல் விற்பிரெட் பாராளுமன்றத்திற் கொணர்ந்த மசோதா 1796ஆம் ஆண்டில் பிற்றின் எதிர்ப்பினால் வீழ்ந்தது. குறையை வறியோர் நிதி நிரப்பியமையால் பண்ணைக்காரர் கூலியை உயர்த்தவில்லை. உழைப்பாளி தன் உழைப்பின் விலையை இரவலாகப் பெறும் நிலை வந்தது. அந்நிலையை ஒழிப்பதாகக் கூறி வந்த 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் அவனை ஏழையர் விடுதியின் வாயிலிலே நிறுத்தியது.

வீட்டுக் கணக்குகளைக் கொண்டு வறுமையை அளக்கும் முறையோ வளர்ந்தது. சக்சனியின் புள்ளிவிவர அறிஞர் ஏர்ன்ஸ்ட் எங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பக் கணக்குகளை ஆராய்ந்து, குடும்பம் வறிதாகுந்தோறும் வருவாயில் உணவு கவரும் பங்கு பெருகும் என 1857இல் நிறுவினார். பார்க்கம் கணக்கிலே அது மொத்தச் செலவில் நூற்றுக்கு 73. யோர்க் நகரிலே 1899ஆம் ஆண்டில் சீபோம் றவுண்றி ஆராய்ந்தபோது, பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் உடல்நலம் குன்றாதிருக்க வாரம் 21 சிலிங் 8 பென்சு வேண்டுமெனக் கணித்தார். உணவு 12 சிலிங் 9 பென்சு, வாடகை 4 சிலிங், ஏனையவை 4 சிலிங் 11 பென்சு. புகையிரதப் பயணமும், பத்திரிகையும், பிள்ளைக்கொரு விளையாட்டுப் பொருளும் அதில் இடம்பெறா. அத்துணைச் சிக்கனமாய் வாழினும் வருவாய் போதாதோர் நகர மக்களில் நூற்றுக்கு 9.91 பேர் என அவர் கண்டார்.

இலங்கையில் 1949, 1950ஆம் ஆண்டுகளிலே கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகள் இவ்வாறே கேட்டறியப்பட்டன. அவற்றின் அடிப்படையில் 1952ஐ அடியாண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி அமைந்தது. உணவுக்கு 61.9, உடைக்கு 9.4, எரிபொருளுக்கும் ஒளிக்கும் 4.3, வாடகைக்கு 5.7, பலவகைச் செலவுக்கு 18.7 என அதன் நிறைகள் வகுக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பட்ட அச்சுட்டி ஏறியபோது, சம்பளச் சபைகளின் கீழிருந்த தொழில்கள் பலவற்றிலே தொழிலாளரின் வாழ்க்கைச் செலவுப்படியும் ஏறியது.