பதினொரு கசையடி

பம்பாய்க் கோட்டைக்குள் புனித தோமையார் தேவாலயம் திறக்கப்பட்டு ஆறாண்டுகள்கூட நிறைவுறாத 1724-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றத்தில் பாஸ்டோக் என்னும் பெண்ணொருத்தி சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டி நிறுத்தப்பட்டாள். சாட்சிகளை விசாரித்த நியாயாதிபதிகள், அவள் குற்றவாளி என்பது மெய்யே, எனினும் அதற்குக் காரணம் துர்ப்புத்தி அன்று, அஞ்ஞானமே என்று கண்டு, தேவாலய வாயிலில் பதினொரு கசையடி கொடுக்கும்படி உத்தரவிட்டார்கள். சூனியம் பலிக்கும் என்று அவர்கள் நம்பியிருந்தால் பதினொரு அடி மிகச் சொற்பம். பலிக்காது என்று நம்பியிருந்தால் ஓரடியும் அதிகம். இரண்டுக்கும் நடுவே தவித்த சந்தேகமே அந்த எண்ணிக்கை என்று எனக்குத் தோன்றுகிறது.

அச்சந்தேகம் பழையது. 1563-இல் யோஹான் வையர் என்னும் வைத்தியரும், 1584-இல் கென்ட் சீமையைச் சேர்ந்த ரெஜினால்டு ஸ்காட்டும், சூனியக்காரிகள் எனப் பிடிபடுவோர் பெரும்பாலும் சித்தப் பிரமை கொண்ட கிழவிகளும் ஏழைகளுமே என்று துணிந்து எழுதினார்கள். ஸ்காட்டோ ஒரு படி மேலே போய், சதையில் பாய்வதுபோல் காட்டும் போலிக் கத்தி முதலான செப்பிடு வித்தைக்காரரின் உபாயங்களையெல்லாம் பகிரங்கப்படுத்தினார். அவரை மறுக்க 1597-இல் ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸே ஒரு நூல் இயற்றினார். அவரே இங்கிலாந்தின் சிங்காதனம் ஏறியபின் 1604-இல் பிறந்த சூனியத் தடைச் சட்டம் மரண தண்டனை விதித்தது. பாஸ்டோக் அடிபட்ட நாளிலும் அச்சட்டம் ரத்தாகியிருக்கவில்லை. 1735-இல்தான் பார்லிமெண்ட் அதை நீக்கி, மந்திரசக்தி உண்டென்று பாசாங்கு செய்வோருக்கு ஓராண்டுச் சிறை என்று மாற்றிற்று. சூனியக்காரி குற்றவாளியாய் இருந்தது போய், ஏமாற்றுக்காரன் குற்றவாளியானான்.

அதே திருப்பத்தை மகாராஷ்டிரச் சட்டசபையைக் கொண்டு செய்விக்கப் பல்லாண்டு போராடியவர், சாதாரா டாக்டர் நரேந்திர தபோல்கர். 1989-இல் மூடநம்பிக்கை ஒழிப்புச் சமிதியைத் தொடங்கிய அவர், 2013 ஆகஸ்டு 20 அன்று பூனாவில் காலை நடைக்குச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார்; நான்கே நாளில் அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் சட்டமாயிற்று. ஒருவரைச் செய்வினை வைப்பவர் என்று சாற்றி அவர் வாழ்வைக் குலைப்பதும், பேயோட்டுவதாகச் சொல்லி அடிப்பதும் இதன்படி ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரை சிறைக்குரியவை.

திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்த நம்மவர்கள், மூட்டை முடிச்சோடு பில்லி சூனியப் பயத்தையும் கொண்டுவந்தார்கள் என்பதில் வியப்பில்லை; மாதுங்காவின் படித்த வீடுகளிலும் அது வேறு பெயரில் குடியிருந்தது. லோக்கல் ரயில் பெட்டியின் சுவரில், காதல், வேலை, கோர்ட் வழக்கு அனைத்துக்கும் பரிகாரம் சொல்லும் பெங்காலி பாபாவின் சிறு விளம்பரங்கள் இன்றும் ஒட்டப்பட்டுத்தான் இருக்கின்றன. கடைவாசலில் தொங்கும் எலுமிச்சையையும் மிளகாயையும் சட்டம் தொடவில்லை. ஜோசியத்தையும் வாஸ்துவையும் வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. இத்தனை விட்டுக்கொடுத்தும் மசோதா நிறைவேற அதன் கர்த்தாவின் உயிரே விலையாயிற்று.